நெட்வொர்க் வழி ஸ்கேன்: பக்கத்துக்கு 70 விநாடி, யூஎஸ்பியில் 12 விநாடி. எங்கே தேங்குகிறது?

மொகல்தெரு_காப்பிக்கடை (ரங்கூன்)

வணக்கம். கடையில் பிரிண்ட், காப்பி, ஸ்கேன் மூன்றும் செய்கிற லேசர் மெஷின் ஒன்று கீழே வாசல் பக்கம் இருக்கிறது. டெஸ்க்டாப் மேலே இடைத்தட்டில். அதன் பக்கத்திலேயே 8 போர்ட் சுவிட்ச். சுவிட்சிலிருந்து மெஷினுக்கு ஏறத்தாழ 25 மீட்டர் கேபிள், டெஸ்க்டாப்புக்கு 2 மீட்டர். ரவுட்டரும் அதே சுவிட்சில்தான்.

கோளாறு ஸ்கேனில் மட்டும். ஏ4, கலர், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). மெஷினோடு வந்த புரோகிராமில் 'ஸ்கேன்' அழுத்தினால் 'ஸ்கேனரைத் தேடுகிறது' என்று 40 விநாடி நிற்கும். பிறகு பக்கம் ஒன்றுக்கு 70 விநாடி. இதே டெஸ்க்டாப்பைக் கீழே இறக்கி யூஎஸ்பி கேபிளில் மாட்டினால் 12 விநாடியில் பக்கம் வந்துவிடுகிறது.

இதுவரை பார்த்தது: மெஷினுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) போட்டால் 1 மில்லிவிநாடி, ஒன்றுகூடத் தவறவில்லை. பிரிண்ட் கொடுத்த உடனே வருகிறது. இன்டர்நெட்டில் குறையில்லை. டிரைவரை இரண்டு முறை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டாயிற்று. ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தும் அதே 70 விநாடி.

கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. வருகிற சில மணி நேரத்துக்குள் வீட்டார் பட்டியல், பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ் என்று ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். 10 பக்கக் கட்டு 12 நிமிடம் பிடித்தால் கட்டுப்படியாகாது. புது மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் குறை மெஷினில்தானா என்று தெரிய வேண்டும். விண்டோஸ் 10, ஐ3, 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க்.

கம்பிவழி (மாண்டலே)

மெஷின் வாங்காதீர்கள் அண்ணே. யூஎஸ்பியில் 12 விநாடி என்றால் ஸ்கேனரும் டெஸ்க்டாப்பும் இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. நடுவில் இருக்கிற வழியில்தான் குறை. நீங்கள் கொடுத்த எண்களே அதைச் சொல்கின்றன, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480 க்கு 3508 புள்ளி, அதாவது 87 லட்சம். கலரில் ஒரு புள்ளிக்கு 3 பைட். சுருக்காமல் அனுப்பினால் பக்கம் ஒன்றுக்கு 26 எம்பி. 100 மெகாபிட் லைன் ஒழுங்காக ஓடினால் விநாடிக்கு 11 எம்பி வரை போகும், ஆகவே 26 எம்பிக்கு இரண்டரை விநாடி போதும். லைன் 10 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தால் 24 விநாடி ஆகும். உங்களுக்கு 70 விநாடி. விநாடிக்கு 0.37 எம்பிதான் வந்து சேர்கிறது. 10 மெகாபிட் லைன்கூட இவ்வளவு மோசமாக இருக்காது. வேகம் குறைந்த லைன் வேறு, பாக்கெட் (டேட்டாவின் சிறு துண்டு) தொலைந்து தொலைந்து திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிற லைன் வேறு. உங்களுடையது இரண்டாவது வகை என்றுதான் தோன்றுகிறது.

பிரிண்ட் உடனே வருவதை வைத்து லைன் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். எழுத்துப் பக்கம் பிரிண்டுக்குப் போகும்போது சில நூறு கேபிதான் போகிறது, அதுவும் டெஸ்க்டாப்பிலிருந்து மெஷினுக்கு. ஸ்கேனில் எதிர்த்திசையில் 26 எம்பி வருகிறது. வெறும் பிங்கும் அப்படித்தான். 32 பைட் அனுப்பி 32 பைட் வாங்குவது, காலி ரோட்டில் ஒரு சைக்கிளை ஓட்டிவிட்டு ரோடு நன்றாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி.

செய்ய வேண்டிய சோதனை மூன்று. வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில் காதையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். கண்ணாடி மேல் ஒரு தாளை வைத்து, மூடியை விரல் நுழையும் அளவுக்குத் தூக்கி வைத்துக்கொண்டு நெட்வொர்க் வழியாக ஸ்கேன் கொடுங்கள். உள்ளே லைட் பார் நகர்வதைப் பாருங்கள். ஒரே சீராக முடிவு வரை போய்விட்டு, அதற்குப் பிறகு டெஸ்க்டாப்பில் காத்திருக்க வைக்கிறதா? அல்லது கொஞ்ச தூரம் போய் நின்று, 'டக்' என்ற சத்தத்தோடு சற்றுப் பின்னுக்கு வந்து, மறுபடி நகர்கிறதா? நின்று நின்று போனால் மெஷினின் மெமரி நிரம்பிவிடுகிறது, லைன் காலி செய்யும் வரை லைட் காத்திருக்கிறது என்று பொருள். சீராகப் போய்விட்டு டெஸ்க்டாப்பில் தாமதம் என்றால் ரேம், ஹார்டு டிஸ்க், எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கிற புரோகிராம்) பக்கம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்கேன் எதுவும் ஓடாத நேரத்தில் பெரிய பிங். கட்டளையில் பாக்கெட் அளவு 1472 என்றும் எண்ணிக்கை 200 என்றும் கொடுங்கள். 1472 என்பதற்குக் காரணம், தலைப்பு 28 பைட்டும் சேர்ந்தால் சரியாக 1500, ஒரே பாக்கெட்டில் துண்டாகாமல் போகும். எத்தனை தொலைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அதே பெரிய பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டு, அது ஓடும்போதே ஒரு பக்கம் ஸ்கேன் கொடுங்கள். எத்தனை முறை 'டைம்ட் அவுட்' (பதில் வரவில்லை) வருகிறது என்று எண்ணுங்கள்.

கடைசியாக, பிரவுசரில் மெஷினின் ஐபியை (நெட்வொர்க் முகவரியை) அடித்து உள்ளே போய், நெட்வொர்க் அமைப்பில் 'லிங்க் ஸ்பீடு' என்ன என்று பாருங்கள். ஆட்டோ என்று இருக்கிறதா, கையால் வைத்ததா? அதை மாற்றிவிடாமல் எழுதுங்கள்.

பகோடா_சாலை (ரங்கூன்)

கேபிளே வேண்டாமே. அந்த மெஷினில் வைஃபை இருக்கும், அதில் இணைத்துவிட்டால் 25 மீட்டர் கம்பியின் தொல்லை தீர்ந்தது.

கம்பிவழி (மாண்டலே)

வைஃபையில் நெருக்கடி இடம் மாறும், தீராது. இந்த வகை மெஷின்களில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இருக்கும், அதுவும் ஒற்றை ஆன்டெனா. பக்கத்திலேயே வைத்தால் 72 மெகாபிட் என்று காட்டும். உண்மையில் கைக்கு வருவது அதில் பாதி. நகரத்துக்குள் ஒட்டி ஒட்டி நிற்கிற கட்டடங்களில் மேல் மாடி, பக்கத்துக் கடை, எதிர்க் கடை எல்லாருடைய ரவுட்டரும் 1, 6, 11 ஆகிய மூன்று சேனலுக்குள்தான் முட்டிக்கொள்கின்றன. டெஸ்க்டாப்பும் வைஃபையில் இருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு பாக்கெட்டும் மெஷினிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து டெஸ்க்டாப்புக்கு ஒரு முறை என்று காற்றில் இரண்டு தடவை போகிறது. இருக்கிற கம்பியைச் சரிசெய்வதுதான் வழி.

மோல்மீன்_லைன்

கம்பி என்றதும் ஒன்று கேட்க வேண்டும். அந்த 25 மீட்டர் கேபிளின் இரண்டு முனையையும் யார் கிரிம்ப் செய்தார்கள் (பிளக்கில் வைத்து அடித்தார்கள்)? கடையில் வாங்கிய ரெடிமேட் கேபிள் இல்லை என்றால் பிளக்கின் கண்ணாடிப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, கொக்கி கீழே இருக்கும்படி வைத்து, இடமிருந்து நிறங்களைப் படியுங்கள். ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை வேண்டும்.

நிறையப் பேர் செய்கிற தவறு என்னவென்றால், ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அடுத்தடுத்து வைத்து இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிடுவது. பஸ்ஸர் வைத்துப் பார்த்தால் எட்டுக் கம்பியும் சரி என்றே காட்டும். ஆனால் நெட்வொர்க்குக்கு 3 ஆம் கம்பியும் 6 ஆம் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடியாக இருக்க வேண்டும். அடுத்தடுத்து வைத்தால் 3 இன் ஜோடி 4 இல், 6 இன் ஜோடி 5 இல் போய்விடுகிறது. முறுக்கே இல்லாத இரண்டு கம்பியில் சிக்னல் போனால் பக்கத்து ஜோடியின் இரைச்சலை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். 2 மீட்டர் கேபிளில் இது தெரியாது. 10 மெகாபிட்டிலும் ஓடிவிடும். 25 மீட்டர், 100 மெகாபிட் என்றால் நாறிவிடும்.

கம்பிவழி சொன்ன இரண்டாவது, மூன்றாவது சோதனை இதைப் பிரித்துக் காட்டிவிடும். கிரிம்ப் கோளாறு என்றால் லைன் சும்மா இருக்கும்போதும் பெரிய பிங் தொலையும். ஏனென்றால் 100 மெகாபிட் லைனில் டேட்டா இல்லாவிட்டாலும் இரண்டு பக்கமும் சிக்னல் ஓடிக்கொண்டேதான் இருக்கும், இரைச்சலுக்கு ஓய்வு கிடையாது. சும்மா இருக்கும்போது ஒன்றுகூடத் தொலையாமல், ஸ்கேன் ஓடும்போது மட்டும் தொலைந்தால் கம்பியை விட்டுவிடுங்கள், வேறு காரணம்.

இன்னொன்று, இது மழைக்காலம் பார்த்த ஊர். வாசல் பக்கம் இருக்கிற பிளக்கைக் கழற்றி அந்தப் பொன்னிறத் தகடுகளைப் பாருங்கள். மலிவு பிளக்கில் முலாம் மெல்லிசாக இருக்கும், ஓரிரு மழைக்காலத்தில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். களிம்பு கண்டால் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டாம், வெட்டிவிட்டுப் புதுப் பிளக் அடியுங்கள். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது, வெளியுறை பிளக்குக்குள் போய்க் கவ்வியிருக்க வேண்டும். கேபிள் 230 வோல்ட் வயரோடும் ஜெனரேட்டர் லைனோடும் ஒரே கட்டாகக் கட்டிக் கிடந்தால் ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

மொகல்தெரு_காப்பிக்கடை (ரங்கூன்)

எல்லாம் பார்த்தாயிற்று. எண்கள் இதோ.

லைட் பார் நின்று நின்றுதான் போகிறது. ஒரு பக்கத்துக்கு 8 அல்லது 9 முறை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னுக்கு வந்து பிறகு நகர்கிறது. யூஎஸ்பியில் ஒரே ஓட்டம்.

சும்மா இருக்கும்போது 1472 பைட் பிங் 200 அனுப்பியதில் 200 உம் திரும்பி வந்தது. ஸ்கேன் ஓடும்போது 70 விநாடிக்குள் 11 முறை டைம்ட் அவுட்.

பிளக்கின் நிற வரிசை இரண்டு முனையிலும் மோல்மீன்_லைன் சொன்னபடியே இருக்கிறது. களிம்பு இல்லை.

மெஷினின் நெட்வொர்க் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு '100 மெகாபிட் ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று இருக்கிறது. ஆட்டோ இல்லை. எப்போது யார் வைத்தது என்று தெரியவில்லை. சுவிட்ச் சாதாரணம்தான், அதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

கம்பிவழி (மாண்டலே)

அகப்பட்டுவிட்டது. அந்த ஒரு வரிதான் உங்கள் 70 விநாடி.

'100 ஃபுல் என்றால் நல்லதுதானே' என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மெஷினில் வேகத்தைக் கையால் கட்டிவிட்டால் அது எதிர்முனையோடு பேசிக்கொள்வதை நிறுத்திவிடும். சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறது. தன் பக்கத்திலிருந்து பேசிப் பார்க்கிறது, பதில் இல்லை. சிக்னலின் தன்மையை வைத்து 100 மெகாபிட் என்று மட்டும் கண்டுபிடிக்க முடியும், ஃபுல்லா ஹாஃபா என்று அதனால் கண்டுபிடிக்க முடியாது. தெரியாதபோது ஹாஃப் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆக மெஷின் ஃபுல், சுவிட்ச் ஹாஃப்.

ஃபுல் என்றால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம். ஹாஃப் என்றால் ஒருவர் பேசும்போது மற்றவர் சும்மா இருக்க வேண்டும். மெஷின் 26 எம்பியைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, 'கிடைத்தது, அடுத்தது அனுப்பு' என்று டெஸ்க்டாப் சொல்கிற சின்னப் பதிலை சுவிட்ச் மெஷின் பக்கம் அனுப்பப் பார்க்கிறது. அதே நொடியில் மெஷினும் பேசுகிறது. சுவிட்ச் இதை மோதல் என்று நினைத்துத் தன் பாக்கெட்டைப் பாதியில் விட்டுவிடுகிறது, மெஷினிடமிருந்து வந்ததும் வீணாகிறது. மெஷினுக்கு மோதல் என்ற ஒன்றே தெரியாது, அது பாட்டுக்கு அனுப்பும். பதில் வராததால் காத்திருந்து, வேகத்தைக் குறைத்து, திரும்ப அனுப்பும். லைட் பார் நிற்கிற அந்த 8, 9 இடங்கள் இவைதான். பிங் ஒவ்வொன்றாகப் போய் வருவதால், சும்மா இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றாகப் பேசுகிற நிலையே வருவதில்லை. அதனால்தான் 200 க்கு 200 கிடைத்தது.

மெஷினில் லிங்க் ஸ்பீடை 'ஆட்டோ' என்று மாற்றிச் சேமித்து, மெஷினை ஒரு முறை முழுதாக அணைத்துப் போடுங்கள். டெஸ்க்டாப்பிலும் பார்த்துவிடுங்கள்: டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர், அட்வான்ஸ்ட், 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' ஆட்டோ நெகோஷியேஷனில் இருக்க வேண்டும். இரண்டு முனையும் ஆட்டோ அல்லது இரண்டு முனையும் கையால் வைத்தது, இதற்கு நடுவே எதுவும் கூடாது. உங்கள் சுவிட்சில் கையால் வைக்க வழியில்லாததால் எல்லாமே ஆட்டோதான்.

இனி அந்த 40 விநாடி. அது வேறு கோளாறு, இதோடு கலக்க வேண்டாம். டிரைவர் மெஷினின் பழைய ஐபியை நினைவில் வைத்திருக்கிறது, மெஷினின் ஐபி மாறிவிட்டது. இல்லாத முகவரிக்கு இணைப்புக் கேட்டால் விண்டோஸ் சுமார் 21 விநாடி முயன்றுவிட்டுத்தான் கைவிடும். டிரைவர் இரண்டு முறை கேட்டால் 40 விநாடியைத் தாண்டிவிடும். அதன் பிறகுதான் 'யாராவது ஸ்கேனர் இருக்கிறீர்களா' என்று நெட்வொர்க் முழுக்கக் கூவித் தேடுகிறது. டிரைவரின் நெட்வொர்க் அமைப்பில் பதிந்திருக்கிற ஐபியையும் மெஷின் இப்போது காட்டுகிற ஐபியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரவுட்டரில் டிஎச்சிபி (ரவுட்டர் தானாக ஐபி கொடுக்கும் முறை) ரிசர்வேஷன் போட்டு மெஷினுக்கு ஒரே ஐபி கிடைக்கச் செய்துவிட்டால் போதும்.

மோல்மீன்_லைன்

கம்பிவழி சொன்னதில் கடைசி ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கரண்ட் ஒரே சீராக இருக்கிற இடத்தில் ரிசர்வேஷன் சரி. கரண்ட் போய்ப் போய் வருகிற இடத்தில் ஐபியை மெஷினிலேயே நிலையாக எழுதிவிடுவதுதான் நல்லது.

கரண்ட் திரும்பி வருகிற அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். மெஷின், சுவிட்ச், ரவுட்டர், டெஸ்க்டாப் நான்கும் ஒன்றாக எழுகின்றன. ரவுட்டர் முழுதாக எழுந்து ஐபி கொடுக்கத் தொடங்க இரண்டு நிமிடம்கூட ஆகலாம். மெஷின் அதற்கு முன்பே ஐபி கேட்டுவிட்டு, பதில் இல்லாமல் தானாக 169.254 என்று தொடங்கும் ஐபியை எடுத்துக்கொள்ளும். சில மெஷின் பிறகு திரும்பக் கேட்கும், சில அப்படியே கிடக்கும். ரவுட்டரில் ரிசர்வேஷன் இருந்தும் பயனில்லை, கேட்டால்தானே கொடுக்கும்.

செய்முறை: ரவுட்டரின் டிஎச்சிபி வரம்பைப் பாருங்கள். 192.168.1.100 முதல் 199 வரை என்றால் அதற்கு வெளியே ஒன்றை, 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம், மெஷினின் நெட்வொர்க் பக்கத்தில் கையால் எழுதுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே ரவுட்டரின் ஐபி. வரம்புக்குள் இருக்கிற எண்ணைக் கொடுத்துவிட்டால் என்றாவது ஒரு நாள் வாடிக்கையாளரின் போனுக்கு ரவுட்டர் அதே எண்ணைக் கொடுத்துவிடும், அன்றைக்குக் காரணம் தெரியாமல் திண்டாட வேண்டியதுதான். பிறகு டிரைவரின் ஸ்கேனர் அமைப்பில் 'தானாகத் தேடு' என்பதை விட்டுவிட்டு 192.168.1.50 என்று எழுதுங்கள்.

விண்டோஸில் 'டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்' திறந்து பாருங்கள். அதே மெஷின் இரண்டு முறை இருந்தால் ஒன்று விண்டோஸ் தானாகச் சேர்த்த டபிள்யூஎஸ்டி வகையாக இருக்கும். பண்புகளில் போர்ட்டைப் பார்த்தால் தெரியும். அதை நீக்கிவிடுங்கள். ஸ்கேன் புரோகிராம் சில சமயம் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு தேடும். நெட்வொர்க் வகை 'பிரைவேட்' என்று இருக்க வேண்டும். 'பப்ளிக்' என்றால் தேடலுக்கு வரும் பதிலை ஃபயர்வால் மறித்துவிடும்.

ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் சின்ன பேட்டரி யூபிஎஸ் வைத்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். ஆனால் வாங்கும் முன் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், சின்ன சுவிட்சுகளில் பல 5 வோல்ட் அல்லது 9 வோல்ட். பின் அளவு பொருந்துகிறதே என்று 5 வோல்ட் சுவிட்சில் 12 வோல்ட் செருகினால் அத்தோடு சுவிட்ச் போய்விடும்.

மொகல்தெரு_காப்பிக்கடை (ரங்கூன்)

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஆட்டோவுக்கு மாற்றியதும் லைட் பார் ஒரே ஓட்டமாகப் போகிறது. கலர் 300 டிபிஐ பக்கம் 13 விநாடி. ஸ்கேன் ஓடும்போது பிங் ஒன்றும் தவறவில்லை. டிரைவரில் 192.168.1.7 என்று பதிந்திருந்தது, மெஷினோ 192.168.1.11 இல் இருந்தது. இப்போது 50 என்று நிலையாக எழுதியாயிற்று. தேடல் 3 விநாடியில் முடிகிறது. கரண்ட் போய் வந்த பிறகும் அதே 3 விநாடி.

இன்னும் இரண்டு கேள்வி. பழைய தமிழ்ப் பள்ளிப் பதிவேடு ஒன்று, 200 பக்கம் இருக்கும், 600 டிபிஐ கலரில் கேட்கிறார்கள். 15 பக்கம் தாண்டியதும் டெஸ்க்டாப் உறைந்துவிடுகிறது, ஹார்டு டிஸ்க் லைட் அணையாமல் எரிகிறது. இது நெட்வொர்க்கா? இரண்டாவது, டெஸ்க்டாப்பில் உட்காராமல் மெஷினிலிருந்தே ஃபோல்டருக்கு அனுப்பலாமா? விண்டோஸ் 11 உள்ள வேறு கம்ப்யூட்டர் வரப் போகிறது.

கம்பிவழி (மாண்டலே)

உறைவது நெட்வொர்க் இல்லை, ரேம். 600 டிபிஐ கலர் பக்கம் ஒன்று சுருக்காமல் 104 எம்பி. ஸ்கேன் புரோகிராம் சேமிக்கும் வரை எல்லாப் பக்கத்தையும் அப்படியே ரேமில் வைத்திருந்தால் 15 பக்கம் ஒன்றரை ஜிபி. 4 ஜிபியில் விண்டோஸ் எடுத்தது போக மிச்சம் அவ்வளவுதான். அதற்கு மேல் ஹார்டு டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது, லைட் எரிவது அதற்கு. புரோகிராமில் 'ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்பு' என்று வைத்து ஜேபெக்காகச் சேமித்து, கடைசியில் பிடிஎஃப் ஆகச் சேருங்கள். நாப்ஸ்2 என்ற இலவசப் புரோகிராமையும் பார்க்கலாம். அதில் இஎஸ்சிஎல் (தனி டிரைவர் இல்லாமல் நெட்வொர்க்கில் ஸ்கேன் செய்யும் முறை) வழியைத் தேர்ந்தெடுத்தால், மெஷின் அதை ஆதரிக்கும் பட்சத்தில், பெரும்பாலும் படத்தை ஜேபெக்காகச் சுருக்கியே அனுப்பும், நெட்வொர்க்கில் வரும் அளவு வெகுவாகக் குறையும். ஸ்கேன் நேரத்தில் எழுத்துணரியை அணைத்து வையுங்கள், கடை மூடிய பிறகு மொத்தமாக ஓட விடலாம். ரேம் 8 ஜிபி ஆக்கி எஸ்எஸ்டி போட்டால் புது மெஷின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

பதிவேட்டுக்கு 600 கலர் உண்மையில் தேவையா என்று கேட்டவர்களிடம் ஒரு பக்கம் ஸ்கேன் செய்து காட்டுங்கள். கையெழுத்துக்கும் மை மங்கிய தாளுக்கும் 300 டிபிஐ கிரே பொதுவாகப் போதும், பக்கம் 8.7 எம்பிதான். முத்திரை, சிவப்பு மைக் குறிப்பு உள்ள பக்கங்களை மட்டும் கலரில் எடுக்கலாம். ஆனால் இன்னும் குறைக்கிறேன் என்று 200 டிபிஐ கறுப்பு-வெள்ளைக்கு மட்டும் இறங்கிவிடாதீர்கள். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி அச்சில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. 200 டிபிஐயில் அது 3 பிக்சல். கறுப்பா வெள்ளையா என்று மட்டும் முடிவெடுக்கிற ஸ்கேனில் மங்கலான புள்ளி வெள்ளையாகிப் போகும். 'பட்டம்' என்பது 'படடம்' ஆகிவிடும், எழுத்துணரிக்கு அப்புறம் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பர்மிய எழுத்தில் வட்டத்தின் சிறு திறப்பு மூடிக்கொண்டாலும் இதே கதிதான். கிரேயில் அந்த மங்கலாவது பதிவாகும்.

அந்தப் பதிவேட்டைத் தாள் ஊட்டியில் விடவே வேண்டாம். பழைய தாள் உருளையில் ஒரு முறை கிழிந்தால் திரும்பக் கிடைக்காது. கண்ணாடி மேல் ஒவ்வொன்றாக வையுங்கள்.

மோல்மீன்_லைன்

ஃபோல்டருக்கு அனுப்புவது பற்றி. தாராளமாகச் செய்யலாம், டெஸ்க்டாப் டிரைவரே தேவையில்லை. டெஸ்க்டாப்பில் ஸ்கேனுக்கென்று தனி யூசர் ஒன்று, பாஸ்வேர்டோடு, உருவாக்குங்கள். ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்து அந்த யூசருக்கு எழுதும் அனுமதி கொடுங்கள். மெஷினின் முகவரிப் புத்தகத்தில் டெஸ்க்டாப் பெயரை எழுதாமல் ஐபியை எழுதுங்கள். பெயரைத் தேடுவதில் நேரம் போகும். அந்த டெஸ்க்டாப்புக்கும் நிலையான ஐபி வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விண்டோஸ் 11 வரும்போது கவனம். 2017 முதல் விண்டோஸ் 10 ஐப் புதிதாக நிறுவும்போதே எஸ்எம்பி 1 (விண்டோஸில் ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும் முறையின் பழைய பதிப்பு) தானாக வருவதில்லை. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில், புரொஃபஷனல் போன்ற வகைகளில், எஸ்எம்பி கையொப்பமும் கட்டாயம். பழைய மெஷினின் ஃபர்ம்வேர் (அதன் உள்ளே இருக்கிற மென்பொருள்) எஸ்எம்பி 1 மட்டும் பேசினால் ஃபோல்டர் அனுப்புதல் வேலை செய்யாது, 'இணைக்க முடியவில்லை' என்று ஒற்றை வரிதான் வரும். முதலில் மெஷினின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து எஸ்எம்பி 2 அல்லது 3 வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் எஸ்எம்பி 1 ஐ மறுபடி நிறுவாதீர்கள். 2017 இல் வான்னாக்ரை வைரஸ் புகுந்தது அந்த வாசல் வழியாகத்தான். ஊரார் பென்டிரைவ் நாள் முழுக்க உள்ளே வந்து போகிற கடை உங்களுடையது. அதற்குப் பதில் டெஸ்க்டாப்பில் ஒரு எஃப்டிபி (கோப்பு அனுப்பும் இன்னொரு முறை) சர்வர் போட்டு, கடைக்குள் உள்ள நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்து, மெஷினை அங்கே அனுப்பச் சொல்லலாம். இதே காரணத்துக்காக ஆன்டிவைரஸையும் திரும்ப இயக்கி வையுங்கள், சோதனைக்கு நிறுத்தியது போதும்.

ஷேர் செய்த ஃபோல்டரை இரவு கடை மூடும்போது காலி செய்துவிடுங்கள். அதில் கிடப்பதெல்லாம் ஊராரின் வீட்டார் பட்டியலும் பாஸ்போர்ட்டும்.

மொகல்தெரு_காப்பிக்கடை (ரங்கூன்)

பதிவேட்டில் ஒரு பக்கத்தை 300 கிரேயிலும் 600 கலரிலும் எடுத்துக் காட்டினேன். கிரே போதும் என்று சொல்லிவிட்டார்கள், முத்திரையுள்ள பக்கங்கள் மட்டும் கலர். தனிக் கோப்பாகச் சேமிப்பதால் 40 பக்கம் தாண்டியும் உறையவில்லை. ஃபர்ம்வேர் புதுப்பித்ததும் எஸ்எம்பி பகுதியில் 2 மற்றும் 3 என்று வந்திருக்கிறது.